தாணுமாலயன் என்று பேர் வைக்கலாமா?

கேள்வி: எனக்குச் சேலம், கணவருக்கு நாகர்கோவில் பக்கம். இப்போது புனேயில் இருக்கிறோம். ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. கணவர் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கமாம். மாமனார் பெயர் தாணுமாலயன். அவர் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை, ஆனால் எதிர்பார்க்கிறார் என்று தெரிகிறது. என் அம்மாவோ, "கெழவன் பேராட்டம் இருக்கு, பையனை பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்க" என்கிறார். கணவர் என் முடிவுக்கு விட்டுவிட்டார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இப்போது ஏன் யாரும் வைப்பதில்லை? நாங்கள் வைக்கலாமா?
வாசகி, புனே

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வைக்கலாம். ஆனால் அதில் எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பெயரின் கதையைக் கேட்டால்தான் அந்த நிபந்தனை ஏன் என்று புரியும் என்பதால், அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற வழியில், பழையாற்றின் கரையில் இருக்கிறது சுசீந்திரம். அங்கே இருக்கிற சாமியின் பெயர்தான் உங்கள் மாமனாருடையது. தாணு என்றால் சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. மூன்று பேரும் ஒரே லிங்கத்தில், அடியில் அயனும் நடுவில் மாலும் உச்சியில் சிவனுமாக இருப்பதாக ஐதீகம். அத்திரி முனிவரின் மனைவி அனசூயையைச் சோதிக்க வந்த மூவரையும் அவள் தன் கற்பின் வலிமையால் கைக்குழந்தைகளாக்கிவிட்ட கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது நடந்த இடம் என்று தலபுராணம் சொல்வது இந்த ஊரைத்தான். ஒரு பெயருக்குள் மூன்று தெய்வத்தையும் வைத்த ஆண்பெயர் தமிழில் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். சங்கரநாராயணனில்கூட இரண்டு பேர்தான்.

மூன்றில் மிகப் பழைய கதை உள்ளது முதல் துண்டுக்கு. ஸ்தாணு என்ற வடசொல்லுக்கு அசையாமல் நிற்பது, நட்ட கம்பம் என்று பொருள். தவத்தில் அப்படி உறைந்து நிற்கிற சிவனுக்கு அது பெயராயிற்று. ஹரியானாவில் குருக்ஷேத்திரத்தை ஒட்டி தானேசர் என்று ஒரு ஊர் உண்டு, ஹர்ஷரின் முன்னோர்களுக்குத் தலைநகராக இருந்தது. அந்த ஊர்ப்பெயரும் ஸ்தாணுவாகிய ஈசுவரன் என்பதிலிருந்து வந்ததுதான். அதாவது, வட இந்தியாவில் இந்தப் பெயர் ஊருக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நம் தென்கோடியில் ஆள்பெயராக வாழ்ந்தது.

எத்தனை காலமாக என்று கேட்டால், 849-ஆம் ஆண்டுச் செப்பேடு ஒன்று சாட்சி சொல்கிறது. கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் கொடுத்த மானியம் அது. அப்போது சேர நாட்டை ஆண்ட அரசர் ஸ்தாணு ரவி. செப்பேடு அவரை அப்படி எழுதவில்லை, "கோத்தாணு இரவி" என்று எழுதுகிறது. ஸ்தாணு அன்றைக்கே தாணுவாகி, நம் வாய்க்குப் பழகிவிட்டது. ஒரு சிவன் பெயர் கொண்ட அரசரின் காலக்கணக்கில், ஒரு தேவாலயத்துக்கு எழுதிக் கொடுத்த சாசனம், அதில் சாட்சிகள் அரபியிலும் பாரசீக மொழிகளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இது தனியாகச் சொல்ல வேண்டிய கதை, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டிலும் அதை ஒட்டிய திருவிதாங்கூர்ப் பகுதியிலும் இந்தப் பெயர் பல உருவம் எடுத்தது. தாணு, சிவதாணு, தாணுலிங்கம், தாணுமாலயப் பெருமாள் என்று. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தந்தை பெயர் சிவதாணு பிள்ளை. பிரமோஸ் ஏவுகணையை உருவாக்கிய விஞ்ஞானி, 1947-இல் நாகர்கோவிலில் பிறந்தவர், அவர் பெயரும் சிவதாணு பிள்ளைதான். இன்றைக்கு இந்தப் பெயரைப் பற்றி யாராவது கிண்டலாகப் பேசினால் பதிலுக்குச் சொல்ல இந்த ஒரு உதாரணம் போதும்.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. தெற்கே இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது அவருடைய ஆட்சியில்தான். எதிர்ப்பக்கம் போராட்டத்தின் முன்வரிசைத் தலைவர்களில் ஒருவர் தாணுலிங்க நாடார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அடுத்த ஆண்டு அவர் நாகர்கோவிலில் இருந்து மக்களவைக்குப் போனார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தாணு, இந்தப் பக்கம் ஒரு தாணு. மலையாளிப் பெயரா தமிழ்ப் பெயரா என்று கேட்டால் இந்தப் பெயருக்குப் பதில் தெரியாது. அது அந்தப் பிரிவினைக்கெல்லாம் முந்தியது.

தாணுலிங்கம் என்ற பெயரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை மேலோட்டமாகத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். அதற்கு முன் நாடார் உட்படப் பல சாதியினர் சுசீந்திரம் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. உள்ளே போவது இருக்கட்டும், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. தாணுலிங்க நாடார் அந்தப் பிரகடனத்துக்கு முன் பிறந்தவர். யோசித்துப் பாருங்கள், வாசல் தாண்ட அனுமதி இல்லாத சாமியின் பெயரை ஒரு வீட்டில் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்.

அதே வட்டாரத்தில், அதற்கும் நூறு வருஷம் முன்னால் இது நடந்திருக்குமா என்பதே சந்தேகம். சாமித்தோப்பில் 1809-இல் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதியில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியினர் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பது அவருடைய வரலாறு. எந்தப் பெயரை யார் வைக்கலாம் என்பதில் இப்படி ஒரு சண்டை நடந்த மண் அது. இன்று உங்களுக்கு இருக்கிற கவலை, பெயர் பழசாக இருக்கிறதே என்பது மட்டும். அந்த அளவுக்கு நிம்மதி.

சரி, ஏன் குறைந்தது? நாகர்கோவில் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்தால் விஷயம் தெரியும். தாணுமாலயன் என்ற பெயர் இப்போது வருவது மாப்பிள்ளைக்கு அல்ல, மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு. பெரும்பாலும் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' இருக்கும்.

பொதுவாகச் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். திராவிட இயக்கமும் தனித்தமிழ் இயக்கமும் வளர்ந்த காலத்தில் புராணப் பெயரை விட்டு அன்பழகன், இளங்கோ, செழியன் என்று போனார்கள். பிறகு ரமேஷ், சுரேஷில் தொடங்கி, இன்றைக்கு ஷ், வ், த் என்று ஒற்றில் முடிகிற இரண்டு அசைப் பெயர்கள் வந்தன. எண்கணிதமும் நட்சத்திர எழுத்தும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். ஒரே ஒரு கோயிலை நம்பி இருக்கிற பெயருக்கு, அந்தக் கோயில் இருக்கிற மாவட்டத்திலேயே பாதி வீடுகள்தான் கணக்கில் வரும்.

இதே நிலைமை மற்ற ஊர்ச்சாமிப் பெயர்களுக்கும் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்களின் நெல்லையப்பன், காந்திமதிநாதன், சங்கரன்கோவில் பக்கத்துக் கோமதிநாயகம், திருவையாற்று ஐயாறப்பன், விருத்தாசலத்து விருத்தகிரி, எல்லாம் தாத்தாக்கள் பட்டியலுக்குப் போய்விட்டன. ஆனால் பழனிசாமி மட்டும் ஏன் இவ்வளவு தூரம் பரவி நிலைத்தான்? உங்கள் சேலத்திலேயே தெருவுக்கு ஒருவர் இருப்பாரே! பழனிக்குக் காவடி எடுத்து, வேண்டிக்கொண்டு, பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பது நேர்த்திக்கடன் மாதிரி. வேண்டுதலோடு வருகிற பெயர் எந்த ஊருக்கும் போகும். சுசீந்திரத்துக்கு அப்படிப்பட்ட வேண்டுதல் கூட்டம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது மூலவரிடம் போவதில்லை. பதினெட்டடி ஆஞ்சநேயரிடம் வடைமாலையோடு நிற்கிறது. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் ஆஞ்சநேயரைப் பார்த்து, இசைத்தூணைத் தட்டிக் கேட்டுவிட்டு, ஏழுநிலைக் கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மூலவர் பெயர் என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இவ்வளவும் இருந்தாலும், இந்தப் பெயர் தேய்ந்ததற்கு முக்கியமான காரணம் வீட்டுக்குள் இருக்கிறது என்பது என் கருத்து. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம்தான் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தது. ஆனால் அதே வீட்டில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, பாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் வழக்கம் இருந்தது. அப்போது பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? அதற்கென்று வீட்டுப் பெயர் ஒன்று வந்தது. நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிற இரண்டு பெண்களும் அந்தப் பெயரைச் சொல்லியே வளர்த்தார்கள். பத்திரத்தில் தாணுமாலயன், வாயில் ராஜன், குமார், பாபு. ஒரு தலைமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலும் ராஜன் என்றே சேர்த்தார்கள், தாணுமாலயன் இனிஷியலில் ஒற்றை எழுத்தானார். அதற்கு அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் இல்லை. யாரும் இந்தப் பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்து ஒதுக்கவில்லை. மரியாதை கொடுத்துக் கொடுத்தே வாயில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது என் நிபந்தனை. தாணுமாலயன் என்று வைத்தால், வீட்டில் கூப்பிட வேறு பெயர் வைக்காதீர்கள். 'சான்றிதழில் மாமனாருக்காக ஒன்று, கூப்பிட எனக்குப் பிடித்த ஆரவ்' என்று பங்கு போட்டுக்கொள்ளத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். பையனுக்கு எட்டு வயதாகும்போது வகுப்பில் வருகைப் பதிவேட்டில் மட்டும் கேட்கிற அந்த நீளப் பெயர் அந்நியமாகத் தெரியும், அப்போதுதான் கிண்டலும் வரும். அம்மா வாயில் தினமும் கேட்டு வளர்ந்த பெயரை எந்தப் பிள்ளையும் கிண்டலுக்குப் பயந்து மறைப்பதில்லை. தாணு என்று கூப்பிடுங்கள். இரண்டே எழுத்து. இன்றைய நாகரிகப் பெயர்கள் எல்லாம் இதைவிட நீளம்.

மாமனார் பெயரை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்ற சங்கடம் உங்கள் தலைமுறைக்கு இருக்காது என்று நினைக்கிறேன். மாமியாருக்கு இருக்கலாம். அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள், "அத்தை, நான் இவனைத் தாணுன்னு கூப்பிட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்று. அநேகமாகச் சிரிப்பார். அவர் பங்குக்கு வேறு பெயர் தேவையே இல்லை, நாகர்கோவில் ஆச்சிமார் எந்தப் பேரனையும் 'மக்ளே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

உங்கள் அம்மா சொல்கிற 'கிழவன் பெயர்' விஷயத்துக்கு வருவோம். இருபது வருஷத்துக்கு முன் ஆதித்தன், கதிரவன், அகிலன் எல்லாம் பழைய பெயர்கள் என்றுதான் பேச்சு. இப்போது குழந்தைகள் பூங்காவில் போய்க் கூப்பிட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா தலைமுறைப் பெயர்தான் எப்போதும் பழசாகத் தெரியும். தாத்தா தலைமுறைப் பெயர் அப்படி இல்லை, சுமப்பவர்கள் குறையக் குறைய அது புதுசாகிவிடும். எனக்குக் கவலை தருகிற பெயர்கள் சுரேஷும் ரமேஷும்தான், அவர்களுக்கு அந்த முறை வர இன்னும் முப்பது வருஷம் ஆகும்.

நீங்கள் புனேயில் இருப்பது இந்தப் பெயருக்கு நல்லது என்பேன். டெல்லியில் இருந்தால் 'ணு' வாயில் வராமல் 'தானு', 'தனு' என்று ஆக்கியிருப்பார்கள். தனு அங்கே பெண்பிள்ளைப் பெயர். மராத்திக்காரர்களுக்கு நம்மைப் போலவே ணகரமும் ளகரமும் உண்டு, தண்ணீரையே பாணி என்று ணகரம் போட்டுத்தான் சொல்வார்கள். தாணு அவர்கள் வாயில் சுத்தமாக வரும்.

முழுப் பெயர் உங்களுக்கு மனசுக்கு ஒட்டவே இல்லை என்றால் சிவதாணு வைக்கலாம். அதே சாமி, அதே ஊர், கொஞ்சம் சின்னது. மாமனாருக்கும் புரியும். வெறும் தாணு என்று மட்டும் பதிவு செய்வதை நான் சொல்ல மாட்டேன், ஆங்கிலத்தில் எழுதினால் மறுபடி தனுவாகிவிடும். முன்னால் ஒரு நவீனப் பெயரும் பின்னால் தாணுமாலயனுமாக இரட்டைப் பெயர் வைப்பதும் மகாராஷ்டிராவில் வம்பு. அங்கே படிவங்களில் நடுப்பெயர் என்றால் அப்பா பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மாமனார் உங்கள் பையனுக்கு அப்பாவாகிவிடுவார்.

அவசரம் எதுவும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டீர்கள் என்றால், பெயரைப் பிறகு சேர்க்கலாம். பதிவு செய்த நாளில் இருந்து 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் ஆதார், பாஸ்போர்ட், பள்ளி என்று வரிசையாக வரும் என்பதால் ஒரு வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள். நடுவில் மார்கழி வந்தால் குழந்தையோடு ஊருக்குப் போய் வாருங்கள். சுசீந்திரம் திருவிழாவின் மூன்றாம் நாள் 'மக்கள்மார் சந்திப்பு' நடக்கும். கோட்டாற்றுப் பிள்ளையாரும் வேளிமலை முருகனும் அப்பா அம்மாவைப் பார்க்க ஊர்வலமாக வந்து சேர்வார்கள். மாமனார் பேரனைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் தப்பில்லை.

பதிவு செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் உங்கள் மாமனாரின் பான் அட்டையில் எந்த எழுத்துக்கோவை இருக்கிறதோ அதையே போடுங்கள், எண்கணிதக்காரர் சொன்னார் என்று ஒரு 'ஏ' கூட்ட வேண்டாம். அடுத்தது, அங்கே சான்றிதழில் மராத்தியும் இருக்கும். ஆங்கிலத்தில் 'டி எச்' என்று தொடங்குவதைப் பார்த்து, எழுத்தர் மும்பைக்குப் பக்கத்து 'தானே' ஊர்ப் பெயரில் வருகிற மூச்சொலி எழுத்தைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. சாதாரண 'த', அதற்கு நெடில், அப்புறம் 'ண' என்று தேவநாகரியில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிற்பாடு ஊரில் தமிழில் எழுத நேரும்போது 'தாணுமலையன்' என்று எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள், நாகர்கோவிலிலேயே இருக்கிறார்கள். அப்படி எழுதினால் மாலும் அயனும் போய் மலை வந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.